கை நடுங்கும் ஐட்டம்

ஜனவரி 1

கீபோர்டு ஞானராஜ் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி வந்துவிட்டது. அட்டையில் 'பொன்வானம் இன்னிசைக் குழு, பம்மல்' என்று தங்க எழுத்து. தடவினால் தங்கம் விரலில் ஒட்டிக்கொள்கிறது. கச்சேரித் தேதி குறித்து வைக்கத்தான் இது. எந்த மண்டபம், என்ன ஐட்டம் செய்தேன், எதற்குச் சிரித்தார்கள் என்றெல்லாம் எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் அக்கா கல்யாணத்தில் சொன்ன ஜோக்கையே தங்கச்சி கல்யாணத்திலும் சொல்லி மாட்டிக்கொள்வேன்.

இத்தனை வருஷம் நான் சொல்லச் சொல்ல சுலோச்சனாதான் எழுதினாள். இந்த வருஷம், "எனக்கு ஆயிரம் வேல இருக்கு, நீங்களே எழுதுங்க" என்று பேனாவை என் சட்டைப்பையில் குத்திவிட்டுப் போய்விட்டாள். நான் படித்தது அஞ்சாவது. அதையும் முடிக்கவில்லை. வாத்தியார் மாதிரியே பேசிக் காட்டிக்கொண்டு இருந்தேன், வாத்தியார் பின்னால் நின்றார். அதோடு சரி.

சரி, டைரியே, என்னைத் தெரிந்துகொள். 'கலகல' ஏகாம்பரம். வயசு ஐம்பத்திரண்டு. பாடகர்கள் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் மேடையேறி, கல்யாணத்துக்கு வந்தவர்களைச் சிரிக்க வைப்பது என் தொழில். வீட்டில் மனைவி சுலோச்சனா, மகள் ரோகிணி. ரோகிணிக்கு இருபத்து மூணு. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். போன ஐப்பசியில் விட்டுவிட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் தன்னைப் பற்றியே பேசிக்கொள்கிறார்களாம். "உன்ன பத்தி பேசறதுக்கு இன்னாடி இருக்குது, நீ இன்னா சினிமா ஸ்டாரா?" என்றேன். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் என்னிடம் பேசவில்லை. தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 2

செவ்வாய். தாயும் மகளும் மாங்காடு கோயிலுக்குப் போனார்கள். விளக்கு வேண்டுதலாம். காலை ஏழு மணிக்குப் போனவர்கள் மூணு மணிக்கு வந்தார்கள். "அம்மன் இன்னா, டோக்கன் போட்டு பாக்கறாளா?" என்று கேட்டேன். சுலோச்சனா சிரிக்கவில்லை. குங்குமப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். பொட்டலக் காகிதத்தில் எங்கள் தெருமுனைக் கடை முத்திரை. கோயிலிலேயே தீர்ந்துவிட்டதாம், இங்கே வாங்கினாளாம்.

ஜனவரி 9

மார்கழி. கல்யாணம் இல்லை, கச்சேரி இல்லை. வீட்டில் சும்மா இருந்தால் எனக்கு வாய் அரிக்கும். ரோகிணி பத்து மணி வரை தூங்குகிறாள். எழுந்தாலும் பாதிதான் எழுகிறாள். "ஏ லூசு, ராத்திரி வாட்ச்மேன் வேல பாக்கறியா?" என்றேன். லூசு என்பது அவளுக்குப் பால்குடி வயசிலிருந்து நான் வைத்த செல்லப் பேர். நான் கூப்பிட்டால் "இன்னாடா மெண்டல்" என்று திருப்பிக் கொடுப்பாள், இருவரும் கெக்கெக்கே என்று சிரிப்போம். இன்றைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அப்படிக் கூப்புடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று அடுப்படியிலிருந்து சுலோச்சனா கத்தினாள். எத்தனை வாட்டி சொன்னாள்? எனக்குத் தெரிந்து இதுதான் முதல் வாட்டி.

ஜனவரி 17

பொங்கல் முடிந்தது. ரோகிணி கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் சத்து மாத்திரை வைத்திருக்கிறார்கள், காலையும் ராத்திரியும் சுலோச்சனா எண்ணிக் கொடுக்கிறாள். "எனக்கும் ஒண்ணு குடு, நானும் ஹீரோ ஆயிடறேன்" என்று பாட்டிலை எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அந்த வேகத்தில் என் விரல் நகம் பெயர்ந்தது.

ஜனவரி 20

தொழில் விஷயம் எழுத வேண்டும். என் ஐட்டங்களிலேயே பெரிய ஐட்டம் கீழ்ப்பாக்கம்தான். சினிமாவில் யாராவது அந்தப் பேரைச் சொன்னால் போதும், தியேட்டரே சிரிக்கும், ஏனென்றால் மனநல ஆஸ்பத்திரி இருப்பது அங்கேதான். கிழிந்த சட்டை, தலையில் வாளி, இல்லாத பஸ்ஸுக்கு ஸ்டியரிங் பிடிக்கிறவன் என்று படத்துக்குப் படம் பார்த்துச் சிரித்து வளர்ந்த ஜனங்கள்தானே. நான் அதை மேடையில் செய்கிறேன். பைத்தியம் மாதிரி வந்து மாப்பிள்ளைக்கு மொய் வைப்பேன். கடைசியில் மைக்கைப் பிடித்து, "கதவச் சாத்துங்கப்பா, ஒண்ணு கீழ்ப்பாக்கத்துல இருந்து தப்பிச்சு வந்துருச்சு!" என்பேன். ஞானராஜ் கீபோர்டில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் கொடுப்பான். இருபது வருஷமாக இந்த ஒரு வரியில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

ஆனால் ஐட்டம் பழசாகிவிட்டது. வாளிக்கெல்லாம் இப்போது யாரும் சிரிப்பதில்லை. புதுசாக ஏதாவது வேண்டும். மிமிக்ரிக்காரனுக்குக் கற்பனை கிடையாது, கண்தான் உண்டு. பார்த்ததை எடுப்பான். டீக்கடையில், பஸ்ஸில், சாவு வீட்டில், எங்கே பார்த்தாலும் எடுப்பான். இன்று காலை வீட்டிலேயே கிடைத்தது.

ரோகிணிக்கு டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. சும்மா நடுக்கம் இல்லை. காசு எண்ணுகிற மாதிரி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தனியாக உருள்கின்றன. காபி தளும்புகிறது, அவள் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறாள். அப்புறம் மணலில் நடக்கிற மாதிரி பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போனாள். கை இரண்டும் வீசாமல் தொங்கின. இதை யாரும் சினிமாவில் செய்ததில்லை. நான் கண்ணாடி முன்னால் நின்று அரை மணி நேரம் பழகினேன். விரல் பிடிபட்டுவிட்டது.

பாவம், சத்துக் குறைவுதான். மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும்.

ஜனவரி 22

பல்லாவரம் பஸ்ஸில் கூட்டம். கையை அப்படி நடுங்க விட்டேன், ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். இறங்கும்போது அவருக்கு நேராகக் கையை நீட்டி நிறுத்திக் காட்டிக் கண்ணடித்தேன். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர், "பெர்சு, நீ நெஜமா செத்தாக்கூட எவனும் நம்ப மாட்டான்" என்றார். இதைவிட என்ன பட்டம் வேண்டும் ஒரு கலைஞனுக்கு!

ஜனவரி 28

தாம்பரம், ரிசப்ஷன். கூட்டம் ஐந்நூறுக்குக் குறையாது. கீழ்ப்பாக்கம் ஐட்டம், புது மாடல். பால் டம்ளரோடு தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தேன். விரல் உருள ஆரம்பித்ததும் முதல் வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பால் தளும்பித் தளும்பி மாப்பிள்ளை கிட்டே போய்ச் சேரும்போது டம்ளர் காலி. பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் தொழிலில் இப்படி ஒரு கைதட்டல் வாங்கியதில்லை.

மூணாவது வரிசையில் ஒரு அம்மாள் மட்டும் எழுந்து, பக்கத்திலிருந்த பெரிய பையனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். பந்திக்கு அவசரம்போல என்று மைக்கில் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

"அண்ணே, அந்தக் கைய எங்க புடிச்சீங்க?" என்று ஞானராஜ் கேட்டான்.

"தொழில் ரகசியம்டா."

பிப்ரவரி 3

யாரோ மண்டபத்தில் போனில் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். பேர் தெரியாத ஊரிலிருந்தெல்லாம் பார்க்கிறார்களாம். கீழே ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். ஞானராஜ் படித்துக் காட்டினான். 'எங்க மேனேஜர் மாதிரியே இருக்கான்', 'எங்க வீட்டு லூசு', 'இவனுங்களை எல்லாம் ரோட்டுல விடக் கூடாது' என்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் விரலை உருட்டுகிறார்கள்.

பிப்ரவரி 4

ஞாயிறு. மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து இரண்டு பேருக்கும் வீடியோவைப் போட்டுக் காட்டினேன்.

சுலோச்சனா முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பாதியிலேயே, "நிறுத்துங்க" என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை, ரோகிணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முழுசாகப் பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னாள். இரண்டாவது தரம் டம்ளர் வந்த இடத்தில் சிரித்தாள். எத்தனை மாசம் ஆகிறது அவள் சிரித்து!

"ரொம்ப கரெக்டா இருக்குப்பா" என்றாள்.

"ஒங்கப்பன் யாரு!" என்றேன்.

எழுந்து உள்ளே போனாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டு போனாள். சுலோச்சனா சாயந்தரம் வரை என்னோடு பேசவில்லை. புருஷனுக்குப் பேர் வந்தால் பெண்டாட்டிக்குக் கொஞ்சம் பொறாமை வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 11

அனகாபுத்தூர், கல்யாணம். கீழ்ப்பாக்கம். நன்றாகப் போனது.

பிப்ரவரி 14

குரோம்பேட்டை, காதுகுத்து. இங்கேயும் அதேதான் கேட்டார்கள்.

பிப்ரவரி 20

நல்ல செய்தி. ரோகிணிக்குக் கை நடுக்கம் போயே போய்விட்டது. காபி ஒரு சொட்டுத் தளும்பவில்லை. நடையும் பழைய நடை. பகலில் தூங்குவதில்லை. சத்து மாத்திரை வேலை செய்கிறது என்று சுலோச்சனாவிடம் சொன்னேன். அவளும் முகம் மலர்ந்து, "ஆமாங்க, இப்பல்லாம் அவளே எடுத்துப் போட்டுக்கறா, நான் எண்ணித் தர வேணாம்னுட்டா" என்றாள். எங்களுக்குள் சண்டை தீர்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தோம்.

எனக்கு மட்டும் ஒரு சின்ன நஷ்டம். பார்த்துச் சரிசெய்துகொள்ள வீட்டில் இப்போது அந்தக் கை இல்லை.

பிப்ரவரி 27

செவ்வாய். மாங்காட்டுக்கு வரமாட்டேன் என்று ரோகிணி சொல்லிவிட்டாள். "எனக்குத்தான் ஒண்ணுமில்லியே" என்றாளாம். வாசல் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். குளியலறைச் சாக்கடையை அடைப்பு எடுத்தேன். சல்லடைக்கு அடியில் வெள்ளையும் ரோஸுமாக மாவு மாதிரி ஏதோ கரைந்து ஒட்டிக்கிடந்தது. சோப்புத் துண்டுபோல. சுரண்டி எடுத்துப் போட்டேன்.

மார்ச் 5

ரோகிணி நிறையப் பேசுகிறாள். பழைய பேச்சு திரும்பிவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். காலையில் ஜன்னல்களை எல்லாம் சாத்திக்கொண்டிருந்தாள். "வெயில் வரட்டும்டி" என்றேன்.

"சிரிக்கறாங்கப்பா."

"யாரு?"

"மண்டபத்துல சிரிச்சாங்கள்ல, அவங்கதான். இன்னும் நிறுத்தல."

அடடா, இதல்லவா பாராட்டு என்று நினைத்தேன். "அப்படிச் சிரிக்க வெச்சிருக்கான்டி ஒங்கப்பன்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிற மாதிரி ஒரு பார்வை. நான் பதில் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9

சோறு வேண்டாம் என்கிறாள். சுலோச்சனா யாருக்கோ போன் செய்கிறாள், நான் வந்தால் வைத்துவிடுகிறாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து எண்ணினாள். "சரியாத்தானே கொறஞ்சிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை எப்படியாவது கூட்டிப்போக வேண்டும் என்றாள். அதென்ன, அம்மனுக்கு மற்ற நாளெல்லாம் லீவா என்று கேட்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

மார்ச் 10

பம்மல், எங்கள் தெருவுக்கு அடுத்த மண்டபம். ரிசப்ஷன்.

மார்ச் 11

நேற்று எழுத முடியவில்லை.

மார்ச் 13

என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சாயந்தரம் ஆறரை மணி. ஐட்டம் பாதியில் இருந்தது. டம்ளர் கையில். கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே ரோகிணி வந்தாள். நைட்டி, மேலே என் சட்டை, காலில் செருப்பு இல்லை. காதுகளைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு வரிசையாகத் திரும்பித் திரும்பி, "போதும், நிறுத்துங்க, போதும்" என்று கெஞ்சினாள். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். ஐட்டத்தில் இதுவும் ஒரு பகுதி, நான் ஏற்பாடு செய்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள். யாரோ விசில் அடித்தான். பத்து இருபது போன் அவள் பக்கம் திரும்பியது.

அவள் மேடைக்குக் கீழே வந்து நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள். "அப்பா, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள். அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஞானராஜ் 'டொய்ங்' கொடுத்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் மேல் தப்பில்லை.

அப்புறம் நான் இறங்கி அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 14

சுலோச்சனா எல்லாவற்றையும் சொன்னாள். மாங்காடு இல்லை. ஐப்பசியிலிருந்து போனதெல்லாம் கீழ்ப்பாக்கத்துக்கு. அங்கே இவளைப் பார்க்கும் டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வெளியிலிருந்து வருகிறவர்களைப் பார்ப்பாராம், மற்ற நாள் உள்ளே வார்டில் இருப்பாராம். இல்லாத குரல்கள் காதில் கேட்கிற வியாதியாம். மாத்திரை சாப்பிட்டால் அடங்குமாம். ஆனால் அந்த மாத்திரைக்கு ஆரம்பத்தில் கை நடுங்குமாம், நடை இழுக்குமாம், தூக்கம் தள்ளுமாம். நடுக்கத்துக்கு வேறு மாத்திரை இருக்கிறது, அடுத்த தடவை எழுதித் தருகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன்.

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவதான் வேணாம்னா."

"ஏன்?"

சுலோச்சனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"'அப்பாவுக்கு அது ஐட்டம்மா'ன்னா."

மார்ச் 15

வீடியோ பார்த்த மறுநாளிலிருந்தே அவள் மாத்திரையைப் போட்டுக்கொள்ளவில்லை. கை நின்றால் போதும் என்று நினைத்திருக்கிறாள். அம்மா எண்ணுவாள் என்று தினமும் இரண்டு மாத்திரையை எடுத்துக் குளியலறையில் தண்ணீர் விட்டுக் கரைத்திருக்கிறாள். சாக்கடையில் சுரண்டி எடுத்தவன் நான்தான். சோப்பு என்று எழுதியிருக்கிறேன். மேலே பார்த்தால் இருக்கிறது.

மார்ச் 16

போன செவ்வாய் அவள் கதவைச் சாத்திக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். அடுத்த செவ்வாய் வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. அவளுக்கு மூணு நாளாகச் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. காலையில் மூவருமாக ரயிலில் சேத்துப்பட்டு வரை போய் ஆட்டோ பிடித்தோம்.

"எங்க சார்?"

எனக்கு வாய் வரவில்லை. இருபது வருஷமாக மைக்கில் ஆயிரம் தடவை சொன்ன பேர். சுலோச்சனாதான், "மனநல ஆஸ்பத்திரி" என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். "யாருக்கு சார், ஒங்களுக்கா? வுட்டுட்டு வந்துடட்டா, இல்ல வெயிட்டிங்கா?"

கெட்ட மனுஷன் இல்லை. வாடகை பேரம் பேசாமல் ஏற்றியவர். சும்மா ஒரு தமாஷ். இந்தத் தமாஷ் என்னுடையது. வரி கூட மாறவில்லை, எப்போதோ ஒரு வியாசர்பாடிக் கல்யாணத்தில் இதையே சொல்லியிருக்கிறேன். ரோகிணி ஆட்டோ கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு செவ்வாயும் இதைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருப்பாள்.

அங்கே வாளி கவிழ்த்தவர் யாருமில்லை. பஸ் ஓட்டுகிறவரும் இல்லை. எல்லா ஆஸ்பத்திரியையும் போல ஒரு ஆஸ்பத்திரி. சீட்டு வாங்க வரிசை. பெஞ்சில் அம்மாக்கள், மடியில் சாப்பாட்டுத் தூக்கு. டாக்டரம்மா சின்ன வயசு. ரோகிணியிடம், "வாங்கம்மா, போன வாரமே உங்கள எதிர்பாத்தேன்" என்றார். அவள் பேரை முழுசாக, மெதுவாகச் சொன்னார். சேர்த்துக்கொண்டார்கள்.

மார்ச் 19

பார்வை நேரத்தில் போனேன். ரோகிணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வெளியே பெஞ்சில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க அந்த டம்ளர் காமெடிதானே? எந்தம்பி எட்டு வருசமா இங்கதான் மாத்திர வாங்கறான் சார். வூட்ல எல்லாரும் ஒங்க வீடியோவப் பாத்து அப்படிச் சிரிச்சோம்!"

"தம்பியும் பாத்தாரா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "அவனும் அங்கதான் ஒக்காந்திருந்தான்" என்றார். கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

மார்ச் 22

ஞானராஜ் போன் செய்தான். செங்கல்பட்டில் பெரிய இடத்துக் கல்யாணம், அந்த லூசு ஐட்டத்துக்காகவே கூப்பிடுகிறார்களாம். அவனுக்கு இன்னும் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ரோகிணியை அவன் சின்ன வயசில் பார்த்ததோடு சரி; அன்றைக்கு மண்டபத்தில் வந்தது சொந்தக்காரப் பெண், காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன்.

"அது இனிமே இல்லடா" என்றேன்.

"இன்னாண்ணே இது! சரி, வேற இன்னா பண்ணுவீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, பழைய டைரிகளை எல்லாம் பரணிலிருந்து இறக்கினேன். சுலோச்சனா கையெழுத்தில் இருபது வருஷ ஐட்டம். திக்குவாய் வக்கீல். செவிட்டு மாமனார். கறுப்புப் பெண்ணுக்குப் பவுடர் போடுவது. குண்டுப் பெண் ஊஞ்சல் ஆடுவது. கையைத் தட்டிக்கொண்டு இடுப்பை ஒடித்து நடப்பது. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு இருக்குமே, அந்த வீட்டில் ஒரு அப்பன் இருப்பானே என்று தோன்றியது. எல்லாவற்றையும் பேனாவால் அடித்தபிறகு, ரயில் போகிற சத்தமும் சேவல் கூவுவதும் மிச்சம்.

ஞானராஜிடம் சொன்னேன். "சேவலுக்கு யாருண்ணே சிரிப்பாங்க?" என்றான்.

மார்ச் 24

பதின்மூணாம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். டைரியிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவள் கீழே நின்று, "அப்பா, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள் அல்லவா. ஞானராஜ் 'டொய்ங்' கொடுத்தான் அல்லவா. அந்தச் சத்தம் வந்தால் என் வாய் தானாகத் திறக்கும். இருபது வருஷ வாய். என் மகள் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, வாய்க்குத் தெரியவில்லை. மைக்கில் சொன்னேன்.

"கதவச் சாத்துங்கப்பா, ஒண்ணு கீழ்ப்பாக்கத்துல இருந்து தப்பிச்சு வந்துருச்சு."

அன்றைக்கு வந்த கைதட்டல்தான் என் வாழ்க்கையிலேயே பெரியது.

மார்ச் 26

குரல்கள் குறைந்திருக்கிறதாம். டாக்டரம்மா சொன்னார். நடுக்கத்துக்கும் மாத்திரை சேர்த்திருக்கிறார்கள், கொஞ்ச நாள் பிடிக்குமாம். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்கிறாள். சீப்பு கேட்டாளாம்.

மார்ச் 30

செங்கல்பட்டுக்குப் போகவில்லை. அந்தத் தேதியை அடித்துவிட்டேன்.

ஏப்ரல் 2

செவ்வாய். நான் மட்டும் தனியாகப் போனேன். சுலோச்சனாதான் போகச் சொன்னாள். "ஒரு வாட்டி நீங்களா போய் ஒக்காருங்க. ஜோக்கு கீக்கு அடிக்காதீங்க" என்றாள். பிளாஸ்கில் காபி போட்டுக் கொடுத்தாள்.

ரோகிணியை வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். தலை சீவிப் பின்னியிருந்தாள். சுற்றிலும் இன்னும் ஏழெட்டுப் பேர். ஒரு பெரியவர் வேட்டி நுனியைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். பாதம் தேய்த்துத் தேய்த்து. ஒரு பெண் முறுக்கை வாய்க்குக் கொண்டுபோகிறாள், கை ஆடுகிறது, அவள் பாட்டுக்குச் சாப்பிடுகிறாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ரயிலில் வரும்போது பேச வேண்டியதை எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "ரோகிணி" என்றேன். அவள் பேரை நான் முழுசாகச் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறதோ. எனக்கே யாரையோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

பிளாஸ்க் மூடியில் காபியை ஊற்றி அவளிடம் நீட்டினேன். நீட்டும்போதுதான் பார்த்தேன். என் கை நடுங்கியது. நானாகச் செய்யவில்லை. கொஞ்ச நாளாகவே சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, அதனால் இருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததாலும் இருக்கலாம். நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தனியாக உருண்டன. காபி தளும்பி என் வேட்டியில் கொட்டியது.

ரோகிணி என் கையையே பார்த்தாள். முதல் தரம் பார்க்கிறவள் மாதிரி, ஒரு அவசரமும் இல்லாமல்.

"கரெக்டா இருக்குப்பா" என்றாள்.

"இல்லம்மா... இது நெஜம்மா... நான் செய்யல..."

"ஆனா இங்க வேணாம்ப்பா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல. "இங்க எல்லாருக்குமே கை இப்படித்தான். பாத்தா சங்கடப்படுவாங்க."

சத்தியம் செய்ய வாயைத் திறந்தேன். எந்தச் சாமியைச் சொன்னாலும் அதுவும் நான் மேடையில் எங்கேயோ செய்த சத்தியம்தான். மூடியைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். பார்வை நேரம் முடிகிற மணி அடிக்கும் வரை அப்படியே இருந்தேன். பெஞ்சு லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. அவள் மதில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.